பின்சக்கரத்துக் காற்று

கொடிமரத்துறைக்கு மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று வராமல் போன ஆண்டில், ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கடலில் நீந்திக் கரையேறி, சைக்கிளில் உப்பளச் சாலையைச் சுற்றி, பிறகு ஊருக்குள் ஓடி மாதா கோயில் மைதானத்துப் பந்தலில் முடிக்கவேண்டிய போட்டியின் நடுவில், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் பிரகாசியின் பின்சக்கரம் பஞ்சரானது, பஞ்சரான சக்கரத்திலிருந்து காற்று வெளியேறத் தொடங்கியது, தொடங்கியது நிற்கவில்லை.

அந்தப் போட்டிக்குத் தட்டியில் 'மும்முனை விரைவுப் போட்டி' என்று எழுதியிருந்தார்கள். பாதை என்பது எத்தனை வளைந்தாலும் அதற்கு முனை இரண்டுதான் என்று எடுத்துச் சொல்லக்கூடியவர்கள் ஊரில் ஒருவரோ இருவரோ இருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. ஊர் அதை 'மூணு ஓட்டம்' என்று சொன்னது. மூன்றில் ஒன்றுதான் ஓட்டம் என்பது ஊருக்கும் தெரியும். தெரிந்த பிழையோடு நிம்மதியாக வாழ்வது அந்த ஊரின் தனிப்பட்ட திறமை.

போட்டியை நடத்தியவர் அருள்பாக்கியம் சார். மேல்நிலைப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர்; அவர் ஓய்வுபெற்ற பிறகும் விசில் அவர் கழுத்தைவிட்டு இறங்கவில்லை. வெளியூர்ப் போட்டிகளில் குறித்த நேரத்துக்குள் வராதவர்களைக் கழித்துவிடுவார்கள். சாருக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. கொடிமரத்துறையில் மாதா தேர் புறப்பட்டுவிட்டால் அது நிலைக்குத் திரும்பும்வரை மைதானத்துப் பந்தலைப் பிரிக்கமாட்டார்கள். ஒருமுறை அச்சு முறிந்து தேர் கடைத்தெருவிலேயே நின்றுவிட, புது அச்சு வந்து சேரும்வரை பந்தலும் நின்றது, பந்தலுக்குக் கீழே ஊரும் நின்றது. தேருக்கு ஒரு நியாயம் மனுசருக்கு ஒரு நியாயமா என்று கேட்டு, கடைசி ஆள் வந்து சேரும்வரை, அல்லது அந்த ஆளே தன் வாயால் விலகுகிறேன் என்று சொல்லும்வரை, போட்டி முடியாது என்று சார் விதி செய்தார். கூடவே இன்னும் இரண்டு: வெளியாள் யாரும் போட்டியாளரின் சைக்கிளைக் கையால் தொடக்கூடாது, போட்டியாளர் பாதையைவிட்டு வீட்டுக்கோ வேலைக்கோ போய்விட்டால் விலகியதாகப் பொருள்.

இவை போக, விதியாகாத ஒரு வழக்கமும் இருந்தது. முடித்தவர்களின் பெயரை மைக்கில் ஒருமுறை வாசிப்பார்கள். முடிக்காதவர்களின் பெயரை இருமுறை வாசிப்பார்கள், வீட்டார் காதில் விழுந்து வந்து அழைத்துப்போகட்டும் என்று. நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் பிரகாசியின் பெயர் இருமுறை வாசிக்கப்பட்டிருந்தது.

முதல் ஆண்டு, கடலில் பக்கத்தில் நீந்திய வங்கி மேலாளருக்குக் காலில் தசைப்பிடிப்பு வந்தது. அவர் பிரகாசியின் தோளைப் பிடித்துக்கொண்டார். அவள் அவரை இழுத்துக்கொண்டு கரைக்குத் திரும்பினாள். கரையில் அவருக்குப் பிடிப்பு விட்டது. அவர் மறுபடி நீரில் இறங்கிப் போட்டியை முடித்து மெடல் வாங்கினார். அவள் அவர் கக்கியதைக் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டாம் ஆண்டு சைக்கிள் செயின் கழன்றது. கையெல்லாம் கிரீஸோடு அதை மாட்டிக்கொண்டிருந்தபோது பரிசோதனை நிலையத்திலிருந்து ஆள் வந்து, அவசரமாக ஒரு சாம்பிள், பத்தே நிமிஷம் என்றார். அந்தப் பத்து நிமிஷம் எல்லாப் பத்து நிமிஷங்களையும் போலவே சாயங்காலம் முடிந்தது. நாற்பத்தெட்டு வயதில் பிரகாசி கணக்குப் பார்த்தபோது, நடுவில் எழுந்துபோகாமல் தான் முடித்த காரியம் என்று ஒன்றும் இல்லை என்பது தெரிந்தது: சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, தபால்வழிப் படிப்பு இல்லை, ஒரு தலைவலியைக்கூட அவள் முழுசாக அனுபவித்ததில்லை. அவளுக்கு ஜெயிக்கும் ஆசை கிடையாது. தன் பெயர் ஒரே ஒரு முறை வாசிக்கப்படவேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாம் ஆண்டும் சாமான்கள் அவளுக்கு விரோதமாகவே இருந்தன. நீச்சல் கண்ணாடிக்குள் கடல் கசிந்து, அது கண்ணுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே அளவில் இருந்தது. தலையில் மாட்டிய ரப்பர் தொப்பி நெற்றியில் தொடங்கிக் காதுவரை கிழிந்தது. சைக்கிள் அவளுடையது அல்ல, அவள் அக்காள் மகனுடையது. அதன் கியர் கனமான பல்லில் சிக்கிக்கொண்டு இறங்க மறுத்ததால், அவள் மிதித்தது சைக்கிள் மிதிப்பதாக இல்லாமல் சேற்றில் நடப்பதாக இருந்தது. அப்படியும் அவள் உப்பளத்து வளைவுவரை வந்துவிட்டாள். வளைவில் நின்ற உடைமரத்தின் முள் ஒன்று சக்கரத்தில் ஏறியது. அந்த வளைவில்தான் காஜாவின் பஞ்சர் கடை இருக்கிறது. பஞ்சர் கடைக்கு முன்னால் மட்டும் முள் ஏன் அடர்த்தியாக விழுகிறது என்பது பற்றி ஊரில் நெடுங்காலமாக ஒரு பேச்சு உண்டு. காஜா அதற்குக் காரணம் மரம் என்பான்.

"யக்கா, நான் கை வைக்கமாட்டேன். சார் விசில் ஊதிருவாரு" என்றான் காஜா, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. "வாயால சொல்லுதேன். நீங்க செய்யுங்க."

"சொல்லு."

"மொதல்ல டயரக் கழட்டுங்க. அந்தக் கம்பிய அப்படிக் குத்தாதிய, ஊசி போடுத மாதிரி. நெம்புங்க. யாரு ஒங்களுக்கு இந்தச் சைக்கிளக் குடுத்தது?"

"அக்கா மவன்."

"நல்லா இருக்கட்டும்."

பையில் மாற்று டியூப் ஒன்று இருந்தது. அது அவள் மகள் பள்ளிக்கூடம் போன சின்னச் சைக்கிளுக்கு வாங்கியது; இந்தச் சக்கரத்தில் போட்டுப் பார்த்தபோது, தடித்த ஆள் இடுப்பில் குழந்தையின் அரைஞாண் போல ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் எட்டாமல் நின்றது. ஒட்டுப்போடலாம் என்றால் ஓட்டையிலிருந்து வந்த காற்று பசையைக் காயவைத்தது, ஒட்டையும் பறக்கவைத்தது. முதல் ஒட்டு உடைமரத்தில் போய்த் தங்கியது. இரண்டாவது சாலையைத் தாண்டி உப்புப் பாத்தியில் விழுந்தது. காற்று தீரட்டும், தீர்ந்ததும் ஒட்டலாம் என்றான் காஜா. அது நியாயமாகப் பட்டதால் இருவரும் உட்கார்ந்து காத்திருந்தார்கள். சக்கரத்தை மாட்டி நிறுத்தியதும் டயர் தரையோடு தரையாகச் சப்பிக் கிடந்தது, காலால் அழுத்தினால் இரும்பு தட்டியது, உள்ளே காற்று என்று சொல்ல ஒரு மூச்சும் இல்லை. அதிலிருந்து காற்று மட்டும் வந்துகொண்டே இருந்தது.

"சரியான டியூப்பு" என்றான் காஜா கடைசியில்.

கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை என்று காற்றுக்கு நான்கு பெயர் வைத்ததோடு பழைய நூல்கள் கடமையை முடித்துக்கொண்டன. பின்சக்கரத்திலிருந்து வருவதற்கு அவை பெயர் ஒதுக்கவில்லை. கொடிமரத்துறை அதற்கு அன்று மத்தியானமே 'பிரகாசி காத்து' என்று பெயர் வைத்துவிட்டது.

அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய் முடித்துவிடலாம் என்றுதான் எழுந்தாள். தள்ளக்கூடாது என்று விதி இல்லை. பத்தடி போவதற்குள் கருவாட்டுக் கூடையோடு சேசம்மா எதிரே வந்தாள். இருவரும் சின்ன வயதில் மாதா கோயிலில் ஒரே ஆண்டு புதுநன்மை வாங்கியவர்கள். பிரகாசிக்குக் குழந்தை பிறந்து பால் சுரக்காமலிருந்தபோது தன் பிள்ளைக்கு ஒரு பக்கமும் பிரகாசியின் பிள்ளைக்கு மறுபக்கமும் கொடுத்தவள் சேசம்மா.

"ஏளா பிரகாசி, செத்த நில்லு. காத்தில்லாம நெத்திலி பூராவும் புழுங்கி நாறுது. ஒரு பாயிதான். காஞ்சதும் போ."

பிரகாசி நின்றாள். ஒரு பாய் நெத்திலி காய எவ்வளவு நேரமாகிவிடும். நெத்திலி காய்ந்து முடிவதற்குள் பொன்பாண்டி அண்ணாச்சி வந்தார். வளைவுக்கு மேற்கே இருக்கும் பாத்திகள் அவருடையவை.

"தங்கச்சி, வெயிலு மட்டும் இருந்தா உப்பு பூக்காது, காத்து மேல தடவணும். பாத்தித் தண்ணி கஞ்சி மாதிரி அப்படியே கெடக்கு. பெரட்டுத ஆளுக எல்லாம் வேலையில்லாம வீட்டுல ஒக்காந்திருக்காங்க. நான் எனக்காகக் கேக்கல. நீ சைக்கிள அந்தப் பக்கமாத் திருப்பி ஒரு பொழுது நின்னியன்னா போதும்."

அவர் தனக்காகக் கேட்கவில்லை என்பது பாதியளவு உண்மை. மீதிப் பாதியைச் சொல்லாமல் விடுவது வியாபாரிக்கு அழகு. ஆனால் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் உண்மையாகவே உட்கார்ந்திருந்தார்கள், அவர்களில் பலருடைய ரத்தத்தை அவள்தான் எடுத்திருக்கிறாள், யாருக்கு ரத்தம் எவ்வளவு குறைவு என்பது அவளுக்குத் தெரியும். அவள் சைக்கிளை மேற்கே திருப்பினாள். சாயங்காலம் பாத்தியின் மேல் பால் ஆடைபோல ஒன்று படர்ந்தது. மறுநாள் காலையில் அது உப்பாக இருந்தது.

அதன் பிறகு யாரும் அவளைத் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் அவள் போயிருப்பாள். வந்தவர்கள் எல்லோரும் கொஞ்சம் நிற்கத்தான் சொன்னார்கள். கொஞ்சம் என்பது கொடிமரத்துறையில் நீளத்தின் அளவு அல்ல, பணிவின் அளவு.

இப்படியாகப் பிரகாசியின் போட்டி நடந்துகொண்டே இருந்தது. மற்றவர்கள் முடித்து, மெடல் வாங்கி, கால்வலி தீர்ந்து, அடுத்த ஆண்டுக்குப் பழகத் தொடங்கிய பிறகும் அது நடந்துகொண்டிருந்தது. மைதானத்தில் பந்தல் நின்றது. பந்தலில் மைக் செட்டுக்காரர் நாளுக்கு இருவேளை 'ஹலோ, ஹலோ' என்று பார்த்துக்கொண்டார். போட்டியாளருக்குச் சோறு கொடுப்பது வெளியாள் உதவி ஆகுமா என்ற கேள்வி எழுந்தபோது அருள்பாக்கியம் சார் வளைவில் ஒரு மேசையைப் போட்டு, இது போட்டியின் அதிகாரபூர்வத் தண்ணீர் மேசை என்று அறிவித்து, அதன் மேல் அவள் புருஷன் கொண்டுவந்த தூக்குவாளியை வைத்தார். அவள் வேலைக்குப் போகமுடியாது என்றானபோது வேலை அவளிடம் வந்தது: பரிசோதனை நிலையத்திலிருந்து இன்னொரு மேசை வந்தது, காலையில் வெறும் வயிற்றோடு வந்தவர்கள் உடைமரத்தடியில் வரிசையாக நின்று கையை நீட்டினார்கள், காற்றோட்டமாக இருப்பதால் இங்கே மயக்கம் வருவதில்லை என்று அதைப் பாராட்டவும் செய்தார்கள். பரீட்சைக்குப் படிப்பவர்கள் வந்தார்கள். புத்தகத்தின் மேல் கல்லை வைத்துக்கொண்டு படித்தார்கள். இரண்டு கட்சிகளும் வந்து இரண்டு கம்பங்களை நட்டன, கொடி என்றால் பறக்கவேண்டும், ஊரில் வேறெங்கும் அது துவண்டு கிடந்தது. மாதா கோயில் சாமியாரும் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் பத்திரகாளி கோயில் தர்மகர்த்தாவும் தனித்தனியாக வந்து, யாருடைய வேண்டுதலால் இது நடந்தது என்பதை எடுத்துச் சொல்லாமல் பெருந்தன்மையோடு திரும்பிப்போனார்கள்.

காற்றுக்கு முறை வைப்பதில்தான் சிறு சண்டை வந்தது. போட்டிக் கமிட்டி கூடித் தீர்த்தது: காலையில் மேற்கே உப்புக்கு, உச்சியில் கிழக்கே கருவாட்டுக்கு, வெயில் தாழ்ந்ததும் தெற்கே பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு. திருப்புவது யார் என்ற பேச்சே எழவில்லை. போட்டியாளரைத் தவிர யாரும் சைக்கிளைத் தொடக்கூடாது என்பது விதி. விதியைக் கொடிமரத்துறை மதிக்கும், குறிப்பாக வேலை பிறர் தலையில் விழுகிற விதியை. ஆகவே மேற்கிலிருந்து குரல் வந்தால் பிரகாசி எழுந்து மேற்கே திருப்பினாள், கிழக்கிலிருந்து குரல் வந்தால் கிழக்கே திருப்பினாள். டயர் மண்ணில் ஆழப் பதிந்துபோயிருந்ததால் ஒவ்வொரு முறையும் பின்பக்கத்தைத் தூக்கித்தான் வைக்கவேண்டியிருந்தது. இரவில் காஜாவின் கடைக்குள் கட்டிலில் படுத்தாள். நடுவில் காற்றின் சத்தத்தில் விழித்து, இருக்கிறதா என்று காது கொடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தாள். அவள் தூங்கியதும் அது இல்லாமல் போய்விட்டால் தன்மேல்தானே பழி என்ற பயம்.

அவள் புருஷன் சிங்கராயர் ஐஸ் பிளான்டில் வேலை பார்ப்பவர். பகலெல்லாம் குளிரில் நின்றுவிட்டு வந்தால் வீட்டில் வேகிறது என்று அவரும் பாயை எடுத்துக்கொண்டு வளைவுக்கே வந்துவிட்டார்.

"கல்யாணமாகி இத்தன வருசத்துல நான் இப்படித் தூங்குனதில்ல பிரகாசி" என்றார் ஒரு காலையில், கையை நெட்டி முறித்துக்கொண்டு.

"அப்படியா?"

"காத்து அப்படி. நீ தூங்கலியா?"

"நான் காத்துக்குப் பின்னால இருக்கேன். எனக்கு வராது."

அது உண்மை. ஓட்டை ஒரு பக்கமாக இருந்தது. அவள் சைக்கிளைப் பிடித்து நிற்கும் இடம் மறுபக்கமாக இருந்தது. ஊரே குளிர்ந்திருந்த அந்த நாட்களில் கொடிமரத்துறையில் வேர்த்துக் கொட்டிய ஒரே ஆள் அவள்தான். சிங்கராயர் யோசித்தார். பிறகு இட்லி மாவு எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார்.

போகலாம் என்று அவளுக்குத் தோன்றாத நாள் இல்லை. காலையில் ஷூ லேஸைக் கட்டும்போது தோன்றும். இடுப்பில் எண் எழுதிய துணியை முடிச்சுப் போடும்போது தோன்றும். அடுத்த நாளும் பிறகு அதற்கடுத்த நாளும் அதே துணியை அவிழ்த்து, அலசி, உடைமரத்தில் காயப்போட்டாள். தன் காற்று படாத பக்கத்துக் கிளைதான் அவளுக்கு வாய்த்தது. எண் மெல்ல மெல்ல வெளுத்தது. ஏதோ ஒரு நாள் அதில் எண் இருந்தது என்பது அவளுக்கு மட்டும் தெரிந்ததாக ஆனது. அலுப்பு என்றால் உடம்பு வலி என்று நினைத்திருந்தாள். அலுப்பு என்பது வலிகூட இல்லாமல் நிற்பது என்று தெரிந்தது. சேசம்மாவின் நெத்திலி காய்ந்து, சாளை காய்ந்து, வாளை காய்ந்தது. அண்ணாச்சியின் உப்பு குவிந்து, குவியல்களுக்கு ஓலை வேய்ந்தாயிற்று. வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் பாத்தியில் நின்றார்கள். யாரிடமும் அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்தால் தேவலை என்று இருந்தது.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில் அருள்பாக்கியம் சார் கமிட்டியோடு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் சின்ன வெல்வெட் பெட்டி. சேசம்மா, அண்ணாச்சி, சிங்கராயர், கடையை மூடாமலே வந்த காஜா, எல்லோர் முகத்திலும் நல்ல செய்தியைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்ளும் களை.

"பிரகாசியம்மா" என்றார் சார். "ஊர் கூடிப் பேசினோம். நீங்க இவ்வளவு செஞ்சிட்டு, பந்தலுக்கு வரலேங்கிறதுக்காக முடிக்காதவங்கன்னு சொன்னா அது நன்றி கெட்ட காரியம். அதனால, நீங்க முடிச்சதாவே வச்சுக்கலாம்னு ஏகமனசா முடிவாயிருக்கு. இங்கயே மெடல போட்டுருதோம். பேரும் மைக்ல ஒரே தடவதான். ஒங்களுக்கு மேல கூரையும் ஒண்ணு போட்டுக் குடுக்குதாரு அண்ணாச்சி."

"தகரம் இல்ல தங்கச்சி, ஆஸ்பெஸ்டாஸ்" என்றார் அண்ணாச்சி.

பிரகாசி சைக்கிளை மேற்கே திருப்பிக்கொண்டிருந்தாள். திருப்பி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"முடிச்சதா வச்சுக்கிட்டா, நான் எப்ப சார் முடிக்கது?"

சார் பெட்டியைப் பார்த்தார். மெடல் என்னவோ உள்ளேதான் இருந்தது.

"அதான் முடிச்சாச்சே."

"இல்லியே. நான் இங்க நிக்கேனே."

அவள் சொன்னது அவ்வளவு எளிதாக இருந்ததால் அதில் மறுக்க ஒன்றும் அகப்படவில்லை. சேசம்மாதான் வாயைத் திறந்தாள்.

"நீ போயிட்டா காத்து போயிருமேளா."

பிரகாசி சேசம்மாவைப் பார்த்தாள். பிறகு சைக்கிளைப் பார்த்தாள். இத்தனை நாளும் அவள் சைக்கிளைப் பார்த்திருக்கிறாள், பிடித்திருக்கிறாள், தூக்கியிருக்கிறாள். ஆனால் பிடிக்கிறவருக்குப் பிடிக்கப்பட்ட பொருள் கண்ணில் விழுவதில்லை. அவள் குத்தவைத்து உட்கார்ந்து சைக்கிளைக் கவிழ்த்தாள். பின்சக்கரத்தைக் கழற்றினாள். தண்ணீர் மேசையிலிருந்து இரண்டு கரண்டிகளை எடுத்து டயருக்குள் விட்டு நெம்பினாள். காஜாவின் வாய் தானாகவே, "அப்படித்தான், அப்படித்தான், சுத்தி வாங்க" என்றது. வால்வின் திருகை விரலால் சுழற்றி எடுத்தாள். டியூப்பை உருவி வெளியே இழுத்தாள். கறுத்து, நீண்டு, தொய்ந்துபோன டியூப். மீன்காரர்கள் தூக்கி எறியும் குடல் போலிருந்தது. அதன் ஒரு இடத்திலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது, முன்பு வந்தது போலவே, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அதை அவள் சேசம்மாவின் கையில் கொடுத்தாள். சேசம்மாவின் சேலை முந்தானை எழுந்து பறந்தது.

அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே விஷயம் விளங்கியது, அதை முதலில் சொல்கிற ஆளாக இருக்க யாருக்கும் விருப்பமில்லை. கடைசியில் சிங்கராயர் சொன்னார்.

"இத அன்னைக்கே கழட்டிக் குடுத்திருக்கலாமே பிரகாசி."

"நீங்க டியூப்பக் கேக்கலியே. என்னைத்தானே நிக்கச் சொன்னிய."

சொல்லிவிட்டாளே தவிர, அது முழு நியாயம் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. கேட்டால் நிற்பது அவள் வழக்கம். தன்னைத் தவிர மற்றதையும் கொடுக்க வழி இருக்கிறதா என்று அவள் ஒருபோதும் பார்த்ததில்லை. அந்தப் பிழையை ஊர்மேல் முழுக்கப் போட்டுவிட முடியாது. பாதியைப் போடலாம். அவள் பாதியைப் போட்டுவிட்டு டயரை வெறுமனே சக்கரத்தில் மாட்டினாள்.

"சார்" என்றார் அண்ணாச்சி, பதற்றமாக. "அதத் தொடலாமா நாங்க? போட்டிச் சாமான் ஆச்சே."

அருள்பாக்கியம் சார் கண்ணை மூடி யோசித்தார். நாற்பது ஆண்டு விசில் ஊதிய மனம் அவருக்குள் விதியின் ஓரங்களைத் தடவிப் பார்த்தது.

"சைக்கிளத் தொடக்கூடாதுன்னுதான் விதி" என்றார். "கழட்டுனது சைக்கிள் இல்ல. ரப்பர்."

அவர் வாயை மூடுவதற்குள் டியூப்பில் நாலைந்து கைகள் விழுந்தன.

பிரகாசி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டாள். வெறும் டயர் இரும்பில் மோதிக் கடகடவென்றது. உப்பளச் சாலை வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. கண்ணாடித் தண்ணீருக்கு நடுவில் பாத்தி வரப்புகள் நேர்கோடுகளாகப் போய்க்கொண்டே இருந்தன. அவள் வேகமாகப் போகவில்லை. இத்தனை நாள் நின்ற கால்கள் நடப்பதை ஒவ்வொரு அடியாக ஞாபகப்படுத்திக்கொண்டன. சாலையில் எதிர்ப்பட்டவர்கள் எல்லோரும் வளைவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள், டியூப்பில் தங்கள் பங்கு என்னாகிறதோ என்று. அவளைக் கடந்து ஓடினார்கள், ஒருவர் தெரியாமல் தோளில் இடித்துவிட்டு, "வழிய விடுங்கம்மா" என்றார். அவள் வழி விட்டாள். இத்தனை காலத்தில் ஊரில் யாரும் அவளை நகரச் சொன்னது அதுவே முதல்முறை, அது அவளுக்கு இதமாக இருந்தது.

சைக்கிளை நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து ஓடினாள். ஓட்டம் என்று அதைச் சொல்வதற்கு நல்ல மனசு வேண்டும். கடைத்தெரு காலியாக இருந்தது. மீன் மார்க்கெட்டில் பூனைகள் இருந்தன. காற்றே இல்லை, வேர்வை புருவத்தைத் தாண்டி இறங்கியது, கொட்டிய வேர்வையைத் துடைக்கக்கூட அவள் நிற்கவில்லை. தான் ஏதாவது மறந்துவிட்டோமா என்று இரண்டு முறை தோன்றியது. கையில் எதுவும் இல்லாததால் அப்படித் தோன்றுகிறது என்று புரிந்ததும் கையை வீசி ஓடினாள்.

ஸ்கூட்டரில் முந்திக்கொண்டு வந்த அருள்பாக்கியம் சாரும், அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வந்த சிங்கராயரும், தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட மைக் செட்டுக்காரரும்தான் பந்தலில் இருந்தார்கள். நிறம் போன ரிப்பனைச் சாரும் சிங்கராயரும் இரண்டு பக்கம் பிடித்தார்கள். அவள் அதைத் தொட்டதும் அது அறுந்தது, நெடுநாள் வெயிலில் இற்றுப்போயிருந்தது. சார் மைக்கை வாங்கி அவள் பெயரை ஒரு தடவை சொன்னார். பழக்கத்தில் மறுபடி சொல்ல வாயைத் திறந்தார். சிங்கராயர் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கிக் கீழே வைத்தார்.

பிரகாசி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். தொடைத் தசை தானாகத் துடித்தது. துடிக்கட்டும் என்று விட்டாள். சிங்கராயர் மோர் கொடுத்தார். அதை மெதுவாக, கடைசிச் சொட்டுவரை, ஒரே இருப்பில் குடித்தாள். எதிலோ ஜெயித்தமாதிரி இல்லை. முதுகிலிருந்து யாரோ பாரத்தை இறக்கியிருக்கிறார்கள், இன்னும் முதுகுக்கு அது தெரியவில்லை, அப்படி இருந்தது.

அப்போது காஜாவின் டிவிஎஸ் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு மைதானத்துக்குள் வந்தது. பின்னால் சேசம்மா. வண்டி நிற்பதற்குள் இறங்கி, மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"ஏளா, காத்து கொறையுத மாதிரி இருக்கு. வந்து ஒரு தடவ தொட்டுப் பாரு. தொட்டுட்டு வந்திரு."

குறைந்ததா, குறைந்ததாகத் தோன்றியதா, பத்துப் பேர் இழுத்ததில் ஓட்டை வாய் கோணிக்கொண்டதா, யாருக்கும் தெரியவில்லை. பிரகாசி தம்ளரைத் தரையில் வைத்தாள்.

"வால்வு நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.

"இருக்குக்கா" என்றான் காஜா.

"அப்ப அடிங்க."

"என்னத்த?"

"காத்த. ஒரு பக்கம் அடிச்சா மறுபக்கம் வரும். ஆளு மாத்தி ஆளு அடிங்க."

சேசம்மா நின்றாள். காஜா நின்றான். சாரும்கூட ஏதோ நடக்கப்போகிறது என்று விசிலைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். எல்லோரும் அவள் எழுந்துவிடுவாள் என்று காத்திருந்தார்கள். அதில் அவர்களைக் குறைசொல்ல முடியாது. அவள் குனிந்து, உப்பு ஏறி இறுகிப்போயிருந்த லேஸை அவிழ்த்தாள், வலது ஷூவைக் கழற்றினாள், இடது ஷூவைக் கழற்றினாள், காலை நீட்டி விரல்களை விரித்தாள்.

பிறகு சேசம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு காஜா பக்கம் திரும்பினாள்.

"பம்ப எங்கலே வச்சிருக்க?"